ஆறாம் மாதத்துச் சோறு

சேதுபதிக்கு ஒரு பழக்கம் உண்டு. முதலில் ஊரை அழைத்துவிடுவார், அப்புறம்தான் சம்பந்தப்பட்டவர்களிடம் சொல்வார். தங்கை நிரஞ்சனாவின் கல்யாணத்துக்கே அப்படித்தான் தேதி வைத்தார். அதனால், தன் மகனுக்குச் சோறூட்டு விழா என்ற செய்தியைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மற்ற எண்பது பேரோடு சேர்ந்து படிக்க நேர்ந்தபோது நிரஞ்சனாவுக்கு ஆச்சரியம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

‘ஆதவனுக்கு அன்னம் ஊட்டும் வைபவம், தாய்மாமன் மடியில்’ என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. அடியில், ஃபேரர் பார்க் வட்டாரத்தில் இருக்கும் அவருடைய கேட்டரிங் கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும். பிள்ளைக்குச் சோறு, கடைக்கு விளம்பரம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கத் தெரிந்தவர்தான் அவள் அண்ணன்.

உடனே போன் போட்டாள்.

“அண்ணே, யாரைக் கேட்டு தேதி வச்சீங்க?”

“ஐயரைக் கேட்டுத்தான் லா. ஞாயித்துக்கிழமை காலையில ஒன்பதரை. ஆம்பளப் பிள்ளைக்கு ரெட்டைப்படை மாசம். ஆறை விட்டா எட்டுதான்.”

“என்னைக் கேட்டீங்களா? டாக்டர் இன்னும் ஓகே சொல்லல.”

“டாக்டரா வந்து மடியில வச்சு ஊட்டப் போறாங்க? ஆறு மாசம் ஆச்சா இல்லையா?”

ஆறு மாதம் ஆகியிருந்தது. அதில்தான் சிக்கலே. ஆதவன் எட்டு வாரம் முந்திப் பிறந்தவன். மூன்று வாரத்துக்கு மேல் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். மூக்கு வழியே நூல் போல ஒரு குழாய், அதன் வழியே மில்லிக் கணக்கில் பால். அந்த நாட்களில் நிரஞ்சனா தன் பிள்ளையைத் தூக்குவதற்கே நர்ஸிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. அவன் முதன்முதலாக வாயால் பாலை உறிஞ்சி, மூச்சு வாங்கி, மறுபடி உறிஞ்சியதைப் பார்த்து அவள் அழுத அழுகை அவளுக்கு மட்டுமே தெரியும். அந்தத் தொண்டையைப் பற்றி வேறு யாரும் அவளுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

டாக்டர் யும்னா தெளிவாகச் சொல்லியிருந்தார். “முந்திப் பிறந்த எட்டு வாரத்தைக் கழிச்சுத்தான் வயசு கணக்குப் பண்ணணும். தேதியை விட்டுடுங்கம்மா, கழுத்தைப் பாருங்க. தலை ஆடாம நிக்கணும். பிடிச்சுக்கிட்டா உட்காரணும். வாயில வச்சதை நாக்கால வெளியே தள்ளக் கூடாது. இவனுக்கு இன்னும் ஒண்ணும் வரல. அடுத்த மாசம் பாக்கலாம், இல்லன்னா அதுக்கு அடுத்த மாசம்.”

இதை அப்படியே அண்ணனிடம் ஒப்பித்தாள். அவர் சிரித்தார்.

“எட்டு வாரத்தைக் கழிக்கணுமா? அது என்ன, ஜெயில்ல இருந்த நாளா, கழிச்சுக்கிட்டு? பர்த் சர்டிஃபிகேட்ல என்ன தேதி போட்டிருக்கு, அதைச் சொல்லு.”

“அண்ணே, அவன் தலை இன்னும் நிக்கல.”

“சோறு போட்டாத்தான் நிக்கும். உன் பிள்ளைக்குச் சோறு போடக்கூட நான் உன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?”

“ஆமா,” என்றாள் நிரஞ்சனா. “வாங்கணும்.”

அந்தப் பக்கம் பட்டென்று போன் வைக்கப்பட்டது. தங்கையைவிடப் பதினொரு வயது மூத்தவர். அப்பா அம்மா இரண்டு பேரும் போன பிறகு படிக்க வைத்தவர், கட்டிக் கொடுத்தவர். அதை அவரும் மறக்கவில்லை, அவளையும் மறக்க விட்டதில்லை. ‘ஆமா, வாங்கணும்’ என்று அவரிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் தூது. அண்ணி கமலா ஒரு நாளைக்கு நாலு தரம் கூப்பிட்டார். “ஊரு பூரா அழைச்சாச்சு, இப்போ போய் இப்படிச் சொன்னா உங்க அண்ணன் மானம் என்னாகுறது?” பிள்ளையின் மூச்சு என்னாகுறது என்று நிரஞ்சனா திருப்பிக் கேட்டாள். கணவன் ஹரிந்திரனோ மதில் மேல் பூனை. விமான நிலையத்தில் வேலை. அத்தனை விமானங்களும் நேரத்துக்குக் கிளம்ப வேண்டும் என்று பாடுபடுகிறவன், வீட்டில் ஒரு முடிவையும் கிளப்ப மாட்டான்.

“ஒரு பருக்கைதானே நிரு. மச்சான் மனசு நோகாம...”

“அந்த ஒரு பருக்கை எங்க போகும்னு உங்களுக்குத் தெரியுமா?”

கடைசியில் வியாழக்கிழமை ஒரு சமாதானம் முடிவானது. விழா நடக்கட்டும். சோற்றை உதட்டில் தொட்டு எடுத்துவிட வேண்டும், வாய்க்குள் போகக் கூடாது. சேதுபதி ‘சரி சரி’ என்றார். இரண்டு தரம் சொன்னதிலேயே அவள் உஷாராகியிருக்க வேண்டும். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நாற்பத்தைந்து வருஷமாகச் சாதித்தவர் ஒரே வாரத்தில் நாலாவது காலை ஒத்துக்கொள்வாரா?

தொழிலில் மட்டும் சேதுபதியை யாரும் குறை சொல்ல முடியாது. எந்த விருந்துக்குச் சமைப்பதானாலும், முதல் நாளே அத்தனை ஐட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சம் சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டு, அழைத்த வீட்டுக்கே எடுத்துப்போய்க் கண்ணெதிரே சாப்பிட வைத்துப் பார்ப்பார். முகம் சுளித்தால் உப்பையோ புளியையோ மாற்றுவார். சாம்பிள் பார்க்காத சாப்பாடு சபைக்குப் போகக் கூடாது என்பது அவருடைய வேதம். இருபது வருஷத்தில் ஒரு பந்தியிலும் அவர் தலைகுனிந்ததில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பாசிர் ரிஸ்ஸில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அவர் வந்தார். ஹரிந்திரன் வேலைக்குப் போயிருந்தான். பட்டு வேட்டி, குட்டிச் சட்டை, வெள்ளிக் கிண்ணம் என்று ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார். முகமும் கனிவாக இருந்தது. நிரஞ்சனா காலையிலிருந்து குளிக்கவில்லை.

“நீ போய்க் குளிச்சிட்டு வா, நான் பார்த்துக்குறேன். தாய்மாமனை நம்ப மாட்டியா?”

அவள் நம்பினாள். பத்து நிமிஷம்தான். தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது பிள்ளை அலறிக்கொண்டிருந்தான். முகமெல்லாம் சிவந்து, கண்ணோரம் ஈரம். சட்டை மாற்றியிருந்தது. பழைய சட்டை அலசப்பட்டு நாற்காலி முதுகில் தொங்கியது.

“பால் கக்கிட்டான் லா,” என்றார் சேதுபதி. பையை மடித்துக்கொண்டே எழுந்தார். “சரி, நான் கிளம்புறேன். கடையில ஆள் இல்ல.”

“டீ போடுறேன், இருங்கண்ணே.”

“வேணாம்.”

டீ வேண்டாமென்று அவர் சொல்லி அவள் கேட்டதே இல்லை. பிள்ளையை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அவன் கழுத்தில் நெய் வாசம் அடித்தது. அண்ணன் தூக்கினால் எந்தப் பிள்ளையும் அப்படித்தான் மணக்கும், அவர் சட்டையே நெய்யில் ஊறியது என்று விட்டுவிட்டாள். பிற்பாடு அவள் தன்னையே திட்டிக்கொண்டது இந்த ஒரு இடத்துக்காகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை. கோயில் மண்டபத்தில் எண்பது பேரை அழைத்ததற்கு நூறு பேர் வந்திருந்தார்கள். பந்திக்கு முந்த வேண்டும் என்று ஒன்பது மணிக்கே பாதிப்பேர் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலை ஒட்டி நாற்காலி பிடித்துவிட்டார்கள். நாதஸ்வரம் ஸ்பீக்கரில் வந்தது. ஐயர் மந்திரத்தை முடித்து, “தாய்மாமன் உட்காருங்க” என்றார்.

சேதுபதி மணையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். நிரஞ்சனா பிள்ளையை அவர் மடியில் வைத்தாள், ஆனால் நகரவில்லை. கை எட்டும் தூரத்திலேயே நின்றாள். ஆதவனின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. நிமிர்த்தினால் மறுபக்கம் சாய்ந்தது. வெள்ளிக் கிண்ணத்தில் பருப்பும் நெய்யும் விட்டுக் குழைத்த சோறு.

“உதட்டுல மட்டும்,” என்றாள் தாழ்ந்த குரலில்.

சேதுபதி கிண்ணத்தை அருகில் இழுத்துக்கொண்டார். விரல் நுனியில் சோற்றை எடுத்தார். கேமராக்காரர் குனிந்தார். அந்த விரல் பிள்ளையின் வாய்க்கு ஒரு சாண் தூரம் வரை போனது, அங்கேயே நின்றது. ஆயிரம் பேருக்குப் பரிமாறிய கை, கொதிக்கும் சாம்பார் அண்டாவைத் தனியாளாக இறக்கி வைக்கும் கை, ஒரு பருக்கைச் சோற்றோடு மேலே போக மறுத்தது.

“என்ன மச்சான், ஊட்டுங்க,” என்றான் ஹரிந்திரன்.

அவர் ஊட்டவில்லை. பிள்ளையின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிரஞ்சனாவுக்கு அப்போது எல்லாம் விளங்கியது. மாற்றிய சட்டை. வேண்டாமென்ற டீ. நெய் வாசம். சபையில் பிள்ளை துப்பிவிடக் கூடாதே, முகம் சுளித்துவிடக் கூடாதே என்று கல்யாண வீட்டுக்குச் செய்வதைப் போலவே செய்திருக்கிறார். சாம்பிள்!

குனிந்து பிள்ளையைப் பிடுங்கினாள். பிடுங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும், எடுத்தாள் என்றால் பொய்.

“நேத்தே ஊட்டிட்டீங்க,” என்றாள்.

“நிரு, அப்புறம் பேசிக்கலாம்,” என்றார் சேதுபதி.

“ஊட்டினீங்களா இல்லையா?”

“ஒரு வாய்தான்.” உதடு மட்டும் அசைந்தது. “அடைச்சுக்கிச்சு. நீலமா ஆயிட்டான். கவுத்துப் போட்டு முதுகுல தட்டினேன். பத்து எண்ணுறதுக்குள்ள மூச்சு வந்துடுச்சு.”

“எண்ணினீங்களா? உக்காந்து எண்ணினீங்களா?”

சேதுபதி எழுந்தார். இருபது வருஷம் பந்திகளைச் சமாளித்தவர் இல்லையா? கூட்டத்தைப் பார்த்துக் கை கூப்பி, சத்தமாகவே சொன்னார். “பிள்ளைக்கு உடம்பு சரியில்ல. யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. சாப்பிட வாங்க.”

அந்தப் பொய்யை மட்டும் அவளால் விழுங்க முடியவில்லை. மைக் ஐயர் முன்னால்தான் இருந்தது.

“பிள்ளை உடம்புக்கு ஒண்ணும் இல்ல,” என்றாள் நிரஞ்சனா. அவள் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. “அவனுக்கு இன்னும் சோறு சாப்பிடுற பக்குவம் வரல. அது தெரிஞ்சும் எங்க அண்ணன் நேத்தே சாம்பிள் பார்த்துட்டாரு. நீலமாப் போயிருக்கான். எனக்கே இப்பத்தான் தெரியும்.”

சாப்பாட்டுக் கூடத்து வாசலில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ நாதஸ்வரத்தை நிறுத்தினார்கள். சேதுபதி கையில் ஒட்டியிருந்த சோற்றோடு அப்படியே நின்றார். அவள் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். அன்றைக்கு ஹரிந்திரன் மதிலைவிட்டுக் குதித்தான். பின்னாலேயே ஓடிவந்து டாக்ஸியை நிறுத்தினான்.

மருத்துவமனையில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் சுத்தமாக இருந்தது. “அதிர்ஷ்டம்” என்றார் அங்கிருந்த டாக்டர். அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் நிரஞ்சனா பிள்ளையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

அப்புறம் இரண்டு மாதம் பேச்சு வார்த்தை இல்லை. அண்ணி ஒரே ஒரு தரம் கூப்பிட்டு, “பெத்த தகப்பன் மாதிரி வளர்த்தவரை மைக்குல வச்சு அசிங்கப்படுத்திட்டியே, நல்லா இருப்பியா?” என்று கேட்டுவிட்டு வைத்தார். குழுவிலிருந்து சேதுபதி வெளியேறினார். இனி அந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன் என்று சொன்னதாகச் சொந்தக்காரர்கள் வலிய வந்து தெரிவித்தார்கள். மிதிக்க வேண்டாம் என்று அவர்களிடமே சொல்லியனுப்பினாள். மனசுக்குள் வலித்தது, ஆனால் அந்த ‘பத்து எண்ணுறதுக்குள்ள’ என்பது ஞாபகம் வரும்போதெல்லாம் வலி ஆறிப்போய்க் கோபம் கொதித்தது.

எட்டாம் மாதம் பிறந்தது. ஆதவன் சோபாவில் சாய்த்து வைத்தால் உட்கார்ந்தான். தலை ஆடவில்லை. அப்பா தோசை தின்பதை வாய்க்கும் தட்டுக்குமாகக் கண்ணால் துரத்தினான். ஒரு நாள் எட்டித் தட்டையே பிடித்து இழுத்தான். டாக்டர் யும்னா கழுத்தைப் பார்த்தார், வாயைப் பார்த்தார். “இப்போ கொடுங்க,” என்றார். “கஞ்சி மாதிரி மசிச்சு, அரை ஸ்பூன்.”

அன்று வீட்டுக்கு வந்ததும் ஹரிந்திரன் மெதுவாகக் கேட்டான். “யார் மடியில வைக்கிறது?”

நிரஞ்சனா பிள்ளையை அவனிடம் கொடுத்தாள். அண்ணனுக்குப் போன் போட்டாள். மணி அடித்த உடனே எடுக்கப்பட்டது.

“நாளைக்குக் காலையில பத்து மணி,” என்றாள். “நல்ல நேரமா இல்லையான்னு எனக்குத் தெரியாது. சோறு நான் வடிச்சுக்குறேன். நீங்க மடியை மட்டும் எடுத்துட்டு வாங்க. ஸ்பூன் என் கையில இருக்கும்.”

பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே சேதுபதி வந்தார். ஒரு டப்பா இல்லை, ஒரு பை இல்லை. வெறுங்கையோடு அவர் ஒரு வீட்டுக்குள் வந்து அவள் பார்த்ததில்லை. ‘வாங்க’ என்று அவள் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. கூடத்தில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அவள் பிள்ளையை அவர் மடியில் வைத்தாள். ஆதவன் நிமிர்ந்து உட்கார்ந்து மாமனின் சட்டைப் பொத்தானைத் திருகினான்.

அரை ஸ்பூன் கஞ்சி. உள்ளே போனது. பிள்ளை முகத்தைக் கோணினான், நாக்கைச் சுழற்றினான், வாயை மூடினான்.

சேதுபதியின் உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் சத்தமில்லாமல் எண்ணுவதை நிரஞ்சனா பார்த்தாள். ஏழில் பிள்ளை விழுங்கினான். அவர் நிறுத்தவில்லை, பத்து வரை எண்ணினார். பத்தானதும் ஆதவன் மறுபடி வாயைத் திறந்தான்.

அவர் கண்ணில் நீர் கட்டியது. கை தன்னையறியாமல் கிண்ணத்தை நோக்கிப் போனது.

“கை,” என்றாள் நிரஞ்சனா.

சேதுபதி கையை எடுத்துக்கொண்டார். அவள் அடுத்த அரை ஸ்பூனை அள்ளினாள். அவர் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்.