முற்றத்தில் தட்டு கழுவியவர்

1997 ஜனவரி இரண்டாம் வாரம், ஒரு புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில், பாறசாலைப் பக்கம் எங்கள் காரோடு ஊரில் புஷ்பராஜ் வீட்டு முற்றத்துக் குழாயடியில் சாம்பல் நிறத்தில் ஒரு ஆள் குத்தவைத்து உட்கார்ந்து தட்டு கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய உடம்பு முழுவதும் சின்னச் சின்னச் சதுரப் புள்ளிகளால் ஆகியிருந்தது. தோளும் முதுகும் வளைந்து இறங்காமல் படிக்கட்டுபோல இறங்கின. முகம் புஷ்பராஜின் முகம். அன்று கடலில் சாளை மீன் வரத்து குறைவு, சந்தையில் கிழங்கு மலிவு, வேறு விசேஷம் இல்லை.

அந்த ஆள் வந்தது ஒரு விளையாட்டுப் பெட்டிக்குள்ளிருந்து. நாலு வருடம் துபாயில் இருந்துவிட்டுக் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் ஊருக்கு வந்த புஷ்பராஜ், ஒன்பது வயது மகள் டெல்னாவுக்கென்று அதைக் கொண்டுவந்திருந்தான். உள்ளங்கை அகலம், பச்சை பாய்ந்த சின்னத் திரை, நாலு பேட்டரி. அதில் சுடுவதும் ஓடுவதும் கிடையாது, வரைவது மட்டும்தான். ஒரு பொத்தான் புள்ளி வைக்கும், இன்னொன்று அழிக்கும். டெல்னா முதலில் ஒரு கோழி வரைந்தாள். மறுநாள் அது அடுக்களை வாசலில் நின்று சதுரமாக முட்டையிட்டது. அடுத்து ஒரு குடை வரைந்தாள். பக்கத்து வீட்டுச் சத்தியபாய் அதை இரவல் வாங்கிக்கொண்டு போய், புள்ளிகளுக்கு நடுவே கொஞ்சம் ஒழுகுகிறது என்று குறை சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். வெளிநாட்டுச் சாமான் என்றால் அப்படி ஏதாவது இருக்கும் என்று ஊர் அதோடு விட்டுவிட்டது.

புதன்கிழமை டெல்னா வரைந்தது ஆளை அல்ல. அப்பாவின் கடிதங்களில் வந்த ஆபீஸைத்தான் அவள் வரைந்தாள். நாற்பது மாடி, கண்ணாடி ஜன்னல், சுற்றுகிற நாற்காலி. மாடிக்கு மாடி எண்ணி எண்ணிப் புள்ளி வைத்தாள். ஆனால் முற்றத்தில் வந்து உட்கார்ந்தது குழாயடி ஆள்தான். அவள் பயந்துபோய் அழிக்கும் பொத்தானை அமுக்கினாள். கோழியும் குடையும்தான் அழிந்தன. அந்த ஆள் அடுத்த தட்டை எடுத்தார்.

உண்மை என்னவென்றால் புஷ்பராஜ் துபாயைக் கண்ணால் பார்த்ததில்லை. பம்பாய் வரைக்கும் கூட்டிக்கொண்டு போன ஏஜென்ட் பாஸ்போர்ட்டோடு காணாமல் போன பிறகு, ஊருக்குத் திரும்ப முகமில்லாமல், அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் நாலு வருடம் தட்டு கழுவினான். கடிதங்களை நிஜமாகவே விமானம் ஏறுகிற பூவாறு ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்து, துபாய் தபால்தலை ஒட்டி வீட்டுக்குப் போகும்படி செய்தான். திரும்பி வந்த ரயில் ஊருக்குப் பக்கத்தில் பாறசாலையிலேயே நிற்கிற ரயில். இவனோ திருவனந்தபுரத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து விமான நிலையத்துக்குப் போய், துபாய் விமானம் இறங்குகிறவரை வெளியே காத்திருந்து, அந்தக் கூட்டத்தோடு கலந்து, கயிறு கட்டிய பெட்டியை டாக்ஸி மேலே ஏற்றிக்கொண்டு வந்தான். கூரைமேல் பெட்டியோடு டாக்ஸி வந்தால் எங்களூரில் யாரும் எங்கிருந்து என்று கேட்பதில்லை. பெட்டி பிரிக்கிற அன்று அக்கம்பக்கம் எல்லாம் வந்து வட்டமாக உட்கார்ந்தது. சோப்பும் தைலமும் லைட்டரும் ஆளுக்கொன்று கிடைத்தது. எல்லாம் பம்பாய்த் தெருவில் வாங்கியவை. நாங்களும்தான் வாங்கி மோந்து பார்த்துவிட்டு, துபாய் வாசனை என்றோம்.

முற்றத்து ஆளைப் பார்க்க வந்த சத்தியபாய் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"எலே புஷ்பராஜே, இது உன்னப்போலத்தானே இருக்கு?"

"அது வேற ஆராவது ஆக்கும் அக்கா. எனக்குத் தெரியாது."

தெரியாது என்று சொன்ன வாய் மூடுவதற்குள் அவனுக்குக் காது சிவந்துவிட்டது. தன் முகத்தையே பார்த்துத் தெரியாது என்று சொல்வது லேசான காரியமில்லை. அதன்பிறகு அவன் முற்றத்துப் பக்கம் போகவில்லை, பின்வாசல் வழியே போய்வந்தான். சோப்புக்காரம் தின்ற அவன் விரலிடுக்குகளை, அவன் ஊருக்கு வந்த அன்றே மனைவி ஜேனட் பார்த்திருந்தாள். ஏசிக் குளிரில் வெடித்தது என்று அவன் சொன்னபோது, தேங்காயெண்ணெய் எடுத்துக் கொடுத்ததோடு சரி. குழாயடி ஆளுக்கும் மூன்று வேளை கஞ்சி வைத்தாள். அவர் குடித்துவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தார்.

மறுநாள் முதல் அந்த ஆளைச் சுற்றிச் சாமான்கள் சேர ஆரம்பித்தன. முதலில் ஒரு சுற்றுகிற நாற்காலி வந்தது, அவர் அதில் உட்காரவில்லை. பிறகு மேஜை, தொலைபேசி, தலைக்கு மேலே எதிலும் தொங்காமல் சுற்றுகிற ஒரு ஃபேன். ஆறாம் நாள் சாயங்காலம் அவர் கழுத்தில் ஒரு டை வந்தது. அது தண்ணீரில் நனையாமலிருக்க அவர் அதைத் தோளுக்குப் பின்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு கழுவினார். அப்போது புஷ்பராஜ் அறைக்குள் எட்டிப் பார்த்தான். டெல்னா விளையாட்டுப் பெட்டியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து டையில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"இது எதுக்கு மக்கா?"

"வெறுங் கழுத்தா இருந்தா ஆளுவ என்ன நினைப்பாவ பப்பா?" அவள் தலையைத் தூக்கவில்லை. "நீங்க விசாரப்படாண்டாம். நான் ஆர்ட்டயும் சொல்லமாட்டேன்."

புஷ்பராஜுக்கு நின்ற இடத்திலேயே உடம்பு கூசியது. பொய் சொன்னதற்காகக்கூட அவ்வளவு இல்லை. தன் பொய்யை ஒன்பது வயதுப் பிள்ளை ஆறு நாளாகப் புள்ளி புள்ளியாகச் சுமந்திருக்கிறாள். அதைச் சுமக்கக் கொடுத்தது அவன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் செபஸ்தியார் திருநாள். பூசை முடிந்து நேர்ச்சைக் கஞ்சியும் பயறும் எல்லாருக்கும் தட்டில் விளம்பினார்கள். கோயில் கமிட்டிச் செயலாளர் செல்லசாமி மைக்கைப் பிடித்து, துபாயில் பெரிய ஆபீஸில் உத்தியோகம் பார்க்கிற நம் புஷ்பராஜ் இப்போது இரண்டு வார்த்தை பேசுவார் என்று அறிவித்தார். அதே நேரம் சாம்பல் ஆள், டையும் கழுத்துமாக, கோயில் வாசல் வழியே உள்ளே வந்தார். யாரையும் பார்க்காமல் கூட்டத்தைக் கடந்து, பின்பக்கக் குழாயடியில் குவிந்துகிடந்த எச்சில் தட்டுகளுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். ஐந்நூறு பேர் கழுத்தைத் திருப்பினார்கள். செபஸ்தியார் சிலைகூடத் திரும்பியதாகச் சிலர் சொல்வதுண்டு, அதற்குச் சாட்சி இல்லை.

புஷ்பராஜ் எழுந்தான். மைக் வரைக்கும் போனான். பெண்கள் வரிசையில் டெல்னா மடியில் பெட்டியை வைத்து அழிக்கும் பொத்தானை வெறி பிடித்தவள்போல அமுக்குவது தெரிந்தது. நாற்காலி போயிருக்கும், மேஜை போயிருக்கும், ஆள் மட்டும் போகவில்லை. பிள்ளையின் விரல் வெளுத்துப்போயிருந்தது.

அவன் மைக்கை விட்டுவிட்டு நடந்துபோய் அந்த ஆளுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான். ஒரு தட்டை எடுத்தான். இடது கையால் மூன்று சுற்று, ஒரு உதறல், முழங்காலில் ஒரு தட்டல், கவிழ்த்து வைத்தல். பக்கத்து ஆளும் அதே மூன்று சுற்று, அதே உதறல். இரண்டு பேர் கையும் ஒன்றாகப் போய் ஒன்றாக வந்தது. அந்த வேகத்தைப் பார்த்ததும் நாலு வருடக் கதையும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. புஷ்பராஜின் கண்ணீர் தட்டுக்குள் விழுந்தது, அதையும் சேர்த்துக் கழுவினான். எங்களுக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. வாங்கின சோப்பு பாதிப் பேர் வீட்டில் இன்னும் கரையாமல் இருந்தது.

செல்லசாமி மறுபடி மைக்கைப் பிடித்தார். "கஞ்சி குடிச்சவிய தட்டெல்லாம் அங்ஙன கொண்டு வையுங்க. கழுவ ரெண்டு பேரு உண்டு" என்றார்.

டெல்னா கடைசியாக ஒருமுறை பொத்தானை அமுக்கினாள். சாம்பல் ஆளின் கழுத்திலிருந்து டை மட்டும் அழிந்தது. அவர் கழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு அடுத்த தட்டை எடுத்தார்.

மழைக்காலத்துக்குள் பேட்டரி தீர்ந்தது. புதிது வாங்கிக் கொடுத்தும் டெல்னா போடவில்லை. புஷ்பராஜ் உதியன்குளங்கரை முக்கில் ஒரு ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தான், இரண்டு பேருமாகத்தான் காலை பஸ்ஸில் போனார்கள். உடம்பில் பாதி இடைவெளிதானே என்று கண்டக்டர் சாம்பல் ஆளுக்கு அரை டிக்கெட் கிழித்தார். மறுவருடம் ரேஷன் கார்டு புதுக்க ஆள் வந்தபோது, வீட்டில் எத்தனை பேர் என்றதற்கு ஜேனட் நாலு என்றாள். தொழில் என்ன என்று கேட்டார். ஜேனட் வாய் திறப்பதற்குள், வேலிக்கு அந்தப்புறம் சத்தியபாய்க்கும் கேட்கும்படி, புஷ்பராஜ் உள்ளேயிருந்து சொன்னான்:

"ரெண்டு பேருக்கும் தட்டு கழுவுற ஜோலியாக்கும். எழுதுங்க."

வந்தவர் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.