முருகேசு சோதித்துப் பார்த்த விசிறி

2022ஆம் ஆண்டு மாசி மாதம் பதினாறாந் திகதி காலை ஒன்பதேகாலுக்கு, நீர்வேலியில் பிரவீணன் தன் லப்டொப்பின் மூடியைச் சாத்தியபோது, யன்னலுக்கு வெளியே வேலை செய்துகொண்டிருந்த தோட்டக்கூலி முருகேசுவின் மூச்சு நின்றது. வாழைக்குட்டி பிடுங்கிய கிடங்குக்குள் அவர் சரிந்தார். ஒரு நிமிடம் ஆகுமுன் பிரவீணன் ஏதோ ஞாபகம் வந்து மூடியைத் திறந்தான், மூச்சும் வந்தது. கதலி வாழைப்பழம் கிலோ நூற்றிருபது ரூபாய்க்கு விலைபோன கிழமை அது.

நடந்தது இதுதான். பிரவீணன் நெல்லியடியில் வாங்கிய அந்தப் பழைய லப்டொப்பில் போட்டிருந்த இயங்குதளம் ஒருவருக்கும் தனிச் சொந்தமில்லாதது. உலகம் முழுவதும் இருந்து ஆட்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதித் திருத்துவது. அதன் நடுப்பகுதிக்குக் கேர்ணல் என்று பெயர். கேர்ணலுக்கு அந்த லப்டொப்பின் விசிறியைத் தெரியாது. தெரியவைக்கும் எழுத்தை, அதாவது ட்ரைவரை, அவன் ஐந்து மாதம் இருந்து எழுதினான். அதைக் கடிதமாக அனுப்பும்போது, எழுதியவனல்லாத இன்னொருவர் தன் சொந்தப் பெயரில் ‘சோதித்துப் பார்த்தேன்’ என்று சொல்வது அங்கே மதிக்கப்படும் வழக்கம். பிரவீணனுக்கு அப்படி ஆளில்லை. யன்னலால் பார்த்தான், முருகேசு தெரிந்தார், கேளாமல் அவர் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டு மூடியைச் சாத்தினான். மூடி சாத்தினால் விசிறி நின்றுவிடும்.

அன்றைக்கே இன்னும் இரண்டு தடவை முருகேசு விழுந்தார். மூன்றாந் தடவை அவருடைய மனைவி பூரணம் வந்து வாசலை மறித்து நின்றாள்.

“தம்பி, உந்தப் பெட்டியை நீ மூடேக்கை என்ரை மனுசன் நீலம் பாய்ஞ்சு போறார். என்ன செய்து வைச்சிருக்கிறாய்?”

பிரவீணன் கடிதத்தை வாசித்துக் காட்டினான். நாற்பது வயதுக்குப் பிறகு எழுத்துப் படித்த முருகேசு, தன் பெயர் இங்கிலீசில் நிற்பதை வெகுநேரம் பார்த்தார்.

“நான் எப்ப தம்பி உதைச் சோதிச்சனான்? கையாலை தொட்டதுகூட இல்லையே.”

“சும்மா ஒரு பேருக்குப் போட்டனான் அண்ணை.”

“அப்ப உன்ரை பேரைப் போட்டிருக்கலாமே!”

“எழுதினவன்ரை பேர் அதுக்குச் செல்லாது.”

பெயரை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பினான். பழைய கடிதம் எல்லாருடைய கடிதப்பெட்டியிலும் கிடந்தது. அதை அழிக்க ஆளில்லை. முருகேசுவின் நகங்கள் நீலமாகவே இருந்தன. அதன் பிறகு அந்த மூடி சாத்தப்படவில்லை. பங்குனியில் மின்வெட்டு பதின்மூன்று மணித்தியாலமானபோது லாண்ட்மாஸ்டர் என்ற கை உழவு இயந்திரத்தின் பற்றரியைக் கழற்றி லப்டொப்புக்குக் கொடுத்தார்கள். அந்தப் பற்றரியைச் சார்ஜ் ஏற்ற டீசல் இல்லை. பூரணம் சமைப்பதை விட்டு விசிறிக்குப் பக்கத்தில் கையை வைத்தபடி இருந்தாள். காற்று மெலியும்போதெல்லாம் எழுந்து ஓடிப்போய்ப் புருசனின் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள்.

ட்ரைவர் கேர்ணலுக்குள் ஏறினால், அதே விசிறி உள்ள பிறநாட்டு லப்டொப்புகளிலும் அது ஓடும், அண்ணை இந்த ஒன்றை நம்பி இருக்கத் தேவையில்லை என்று பிரவீணன் கணக்குப் பார்த்தான். ஏற்றுவதா விடுவதா என்று சொல்லவேண்டியவள் டென்மார்க்கில் இருந்த ஸ்ரெல்லா. அவள் பிரவீணனுக்கு எழுதவில்லை, பழைய கடிதத்தில் இருந்த பெயரைப் பார்த்து முருகேசுவுக்கு எழுதினாள். மூடி மூன்று நிமிடம் சாத்தியிருந்து திறந்த பிறகு விசிறி தானாகச் சுற்றுகிறதா, நீங்கள் பார்த்துச் சொல்லாமல் நான் ஏற்கமாட்டேன் என்றிருந்தது அதில்.

“பொய்யாய் ஓமெண்டு எழுதிவிடுவம்” என்றான் பிரவீணன்.

“பொய் எழுதித்தான் நான் இப்பிடிக் கிடக்கிறன். மூடு.”

பூரணம் பிரவீணனின் சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்தாள், கையைக் கடித்தாள். முருகேசு கதிரையில் நிமிர்ந்து இருந்துகொண்டு தாமே மூடியைச் சாத்தினார். முதல் நிமிடத்தில் அவருடைய உதடு கறுத்தது. இரண்டாம் நிமிடத்தில் தலை தொங்கியது. மூன்றாம் நிமிடம் முடிய பிரவீணன் மூடியைத் திறந்தான். திரை வெளிச்சமாயிற்று. விசிறி சுற்றவில்லை. பிரவீணனின் விரல்கள் இரண்டு தரம் பிழையாக அடித்து, மூன்றாந் தரம் விசிறியைச் சுற்றவைக்கும் கட்டளையைச் சரியாக அடித்தன. விசிறி முனகிச் சுற்றியது. முருகேசுவின் நெஞ்சு எழும்பியது.

இருமி முடித்ததும் அவர் சொன்னது இதுதான்: “சரியில்லையெண்டு எழுது. எழும்பினாப் பிறகு தானாய்ச் சுத்தேல்லை.”

ஒரு நிமிடத்துக்கு மேல் மூடிக் கிடந்தால் லப்டொப் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய், எழும்பும்போது விசிறியை மறந்துவிடுகிறது என்று பிரவீணன் கண்டான். நான்கு வரி சேர்த்தான். முருகேசு இன்னொருக்கால் சாத்தினார். இம்முறை மூடி திறந்த கணமே விசிறி தானாகச் சுற்றியது. ஸ்ரெல்லா ஏற்றுக்கொண்டாள். புதிய பதிப்பு வைகாசிக் கடைசியில் வெளியானது.

ஆனி மூன்றாந் திகதி பகல் பற்றரி முழுதாகச் செத்து லப்டொப் அணைந்தது. பிரவீணன் வெறுங்காலோடு தோட்டத்துக்கு ஓடினான். முருகேசு குலை வெட்டிக்கொண்டு நின்றார். அந்த வெயிலில் அவருடைய வாயிலிருந்து வெள்ளையாய்ப் புகை வந்தது, பனி விழும் ஊரில் மூச்சு விடுகிறவர்களுக்கு வருவதுபோல.

“உது ஆரின்ரை மூச்சப்பா?” என்று பின்னால் ஓடிவந்த பூரணம் கேட்டாள்.

“தெரியாது. ஆரோ முழிச்சிருக்கினம்” என்றார் முருகேசு.

எல்லாரும் ஒரே நேரத்தில் லப்டொப்பை மூடினால் என்னாகும் என்று பூரணம் ஒருதரமும் கேட்கவில்லை, பிரவீணனும் சொல்லவில்லை. மூச்சு சில நாள் குளிராக வருகிறது, சில நாள் கடுஞ்சூடாக. குளிராக வரும் நாள்களில் தோட்டத்து ஆட்கள் மத்தியானச் சோற்றுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டு முருகேசுவுக்குக் கிட்டவாக வந்து இருப்பார்கள்.