நீங்கள் என்று கூப்பிட்ட அண்ணன்

முப்பத்தைந்து வயதான ஒருத்தியை வாலு என்று கூப்பிடும் உரிமை உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் இருந்தது. ஒருவன் அவளுடைய சொந்த அண்ணன். இன்னொருவன் பூட்டுக்காரன். இந்தப் பூட்டுக்காரன் ரத்தமும் சதையும் உள்ள ஆள் இல்லை, ‘உப்பு நகரம்’ என்ற வீடியோ கேமில் வருகிறவன். அதில் கதாநாயகி படகில் உப்பு கடத்துவாள். அவளுடைய அண்ணன் எந்தப் பூட்டையும் ஒற்றைக் கம்பியால் திறந்துவிடுவான், வாயை மட்டும் மூடமாட்டான்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் முதல் பாகம் வந்தபோது அதன் வசனங்களைத் தமிழில் எழுதும் வேலை வாலுவின் அண்ணனுக்குக் கிடைத்தது. அவன் வாங்கிய முதல் வேலையே அதுதான். பூட்டுக்காரன் தன் தங்கையை எப்படிக் கூப்பிடுவான் என்று அவன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த நேரத்தில், பதினாறு வயதுத் தங்கை மேசையிலிருந்த பேனாவைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். “ஏய் வாலு, குடுடீ!” என்று கத்தினான். கத்தியதை அப்படியே வசனமாகப் போட்டும் விட்டான். அன்றிலிருந்து நான்கு பாகங்களிலும் பூட்டுக்காரன் தங்கையை வாலு என்றுதான் கூப்பிட்டான். அந்த விளையாட்டின் ரசிகர்கள் கூடிப் பேசும் குழுவில் இவளுக்குத் தனி மரியாதை. அசல் வாலு இவள்தானே!

அவளுக்குச் சந்தேகம் என்பது சோறு போடும் குணம். கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைத்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை. டாக்டர் சீட்டில் எழுதிய பவரைக்கூட நம்பமாட்டாள். பழைய கண்ணாடியை வாங்கி மெஷினில் வைத்துப் பார்ப்பாள், இடது கண் எப்படி ஒரே வருடத்தில் இவ்வளவு இறங்கியது என்று வாடிக்கையாளரைக் குடைவாள். பாதி நேரம் இவள் சந்தேகம்தான் சரியாக இருக்கும். மீதி நேரம் அவர்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். முதலாளி இரண்டையும் பொறுத்துக்கொண்டார்.

ஆறு வருடக் காத்திருப்புக்குப் பிறகு ஐந்தாம் பாகம் வந்தது. வாலு ஒரு வாரம் லீவு போட்டாள். காரணம் கேட்ட முதலாளியிடம் “குடும்ப விஷயம்” என்றாள். அவளைப் பொறுத்தவரை அது பொய்யே இல்லை.

முதல் காட்சியிலேயே இடித்தது. கதாநாயகி சிறையிலிருந்து வெளியே வருகிறாள். மழையில் நனைந்தபடி பூட்டுக்காரன் நிற்கிறான். திரும்பிப் பார்த்து, “சகோதரி, நீங்கள் நலமாக இருக்கிறீர்களா? நான் உங்களை மிகவும் தவறவிட்டேன்” என்கிறான்.

வாலு விளையாட்டை நிறுத்தினாள். திரும்ப முதலிலிருந்து ஓட்டினாள். மறுபடியும் அதே நீங்கள்.

எந்த ஊரில் அண்ணன்காரன் கூடப் பிறந்த தங்கையை நீங்கள் என்பான்? கோபத்தில் சொல்லலாம், குத்திக்காட்டச் சொல்லலாம். மழையில் நின்று வரவேற்கும்போது சொல்வானா? அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. இவன் பூட்டுக்காரனே இல்லை! அவன் முகத்தை மாட்டிக்கொண்டு வந்திருக்கும் எவனோ ஒரு களவாணி. தங்கையிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் மாட்டிக்கொண்டான். இந்த நுணுக்கத்தைத் தமிழில்தானே செய்ய முடியும்? ஒரே ஒரு சொல்லில் துப்பு வைத்திருக்கிறானே அண்ணன் என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த நான்கு நாளும் அவள் பூட்டுக்காரனைப் போலீஸ் மாதிரி பார்த்தாள். அவன் நீட்டிய ரொட்டியைக் கதாநாயகி சாப்பிடவில்லை. கிடங்குச் சாவியை அவனிடம் கொடுக்கவில்லை. அவனைப் பின்னால் நடக்க விடவில்லை. காவலுக்கு யாரை நிறுத்துவது என்று விளையாட்டு கேட்டபோது அவனை உப்புக் கிடங்கில் வைத்துப் பூட்டினாள். அவன் எத்தனை நீங்கள் சொன்னான் என்று ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். நூற்றுப் பன்னிரண்டு கோடு. “படகை வங்கியில் கட்டுங்கள்” என்று அவன் சொன்னபோது, ஆற்றுக்கும் வங்கிக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்து, நகரத்தில் இருந்த வங்கிக் கட்டடத்தை ஒரு மணி நேரம் சுவர் சுவராகத் தடவினாள். கரை என்று வரவேண்டிய இடம் அது என்பது அவள் புத்திக்கு எட்டவே இல்லை. அவளுக்கு அண்ணன்மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் கதை முடிந்தது. கதாநாயகியின்மேல் பாய்ந்த ஈட்டியைப் பூட்டுக்காரன் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டான். “நீங்கள் கவலைப்பட வேண்டாம், சகோதரி” என்று சொல்லிவிட்டுச் செத்தான். முகமூடி எதுவும் கழலவில்லை. அவன் நிஜமான அண்ணன்தான். ஆரம்பத்திலிருந்தே நிஜமான அண்ணன்தான். திரையில் பெயர்கள் ஓடின. தமிழ் வசனம் என்று போட்டு அவள் அண்ணனின் பெயர்.

வாலுவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பத்தொன்பது வருடம் கூடவே வந்தவன், கடைசி மூச்சில்கூட ஒரு தடவை வாலு என்று கூப்பிடாமல் போய்விட்டான். அவனைப் போய்க் கிடங்கில் பூட்டினோமே என்று நோட்டைக் கிழித்துப் போட்டாள்.

குழுவில் தீ பற்றி எரிந்தது. “வசனம் எழுதினவர் தூங்கிட்டாரா?” என்றார் ஒருவர். “தவறவிட்டாராம்! எங்க, பஸ்ஸிலயா?” என்றார் இன்னொருவர். இந்த ஆளுக்கு இனிமேல் ஒரு வரிகூடக் கொடுக்கக் கூடாது என்று கம்பெனிக்குக் கடிதம் தயாரானது. முன்னூறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். குழுவை நடத்துகிற பல் டாக்டர் மட்டும் கொஞ்சம் நிதானமான மனிதர். “மேடம், உங்க அண்ணன்கிட்ட என்ன நடந்ததுன்னு கேளுங்க. ஞாயித்துக்கிழமை மதியம் வரைக்கும் கடிதத்தை நிறுத்தி வைக்கிறேன்” என்று எழுதினார்.

அப்போதுதான் அவள் யோசித்துப் பார்த்தாள். முந்தைய பாகங்களை எழுதும்போது அண்ணன் வாரத்துக்கு நாலு தடவை போன் செய்வான். ‘போடா’ போடலாமா ‘போய்யா’ போடலாமா என்று அரை மணி நேரம் மல்லுக்கு நிற்பான். இந்தத் தடவை ஒரு போன்கூட வரவில்லை. எதுவரை வந்திருக்கிறது என்று இவளாகக் கேட்டால், “போய்க்கிட்டே இருக்கு” என்பான். ஊரையே சந்தேகப்பட்டவள் அண்ணனை மட்டும் விட்டுவைத்திருந்தாள். இப்போது அதற்கும் சேர்த்து வட்டி போட்டதுபோல் சந்தேகம் வந்தது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினாள். அண்ணி திறந்தாள். “வா வா. உங்க அண்ணன் புது கேம் வந்ததிலிருந்து மேகத்துல மிதக்கிறாரு” என்று சொல்லி டீ போட்டுக் கொடுத்துவிட்டு, ஈரத்துணி வாளியோடு மொட்டை மாடிக்கு ஏறினாள்.

அண்ணன் அகராதிகள் அடுக்கியிருந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். மேகத்தில் மிதக்கிற முகம் இல்லை அது.

“முடிச்சிட்டியா?” என்றான்.

“முடிச்சிட்டேன்ணா. அந்த விளக்குக் கோபுரத்துல பூட்டுக்காரன் சொல்ற வரி இருக்கே, ‘என்கிட்ட சாவி இல்ல, பழக்கம்தான் இருக்கு’ன்னு. எப்படிண்ணா தோணிச்சு அது?”

அண்ணன் முகம் மலர்ந்தது. “அதுவா? அந்த ஒரு வரிக்கு ரெண்டு நாள் மண்டைய உடைச்சுக்கிட்டேன்டீ.”

“அஞ்சாம் பாகத்துல விளக்குக் கோபுரமே இல்ல.”

மேசைமேல் இருந்த டீயை எடுத்தான். குடிக்காமல் திரும்ப வைத்தான்.

“அந்த வரியை நான்தான் பஸ்ல வரும்போது கட்டினேன்” என்றாள் வாலு. “நீ இந்த பாகத்தைப் படிக்கவே இல்ல. சொல்லுண்ணா.”

“கத்தாதடீ, மேல அண்ணி இருக்கா.”

“அவங்ககிட்டயும் சொல்லலையா?”

அவன் மாடிப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னான். “எல்லாத்தையும் கம்ப்யூட்டரே தமிழாக்கிடுச்சு. எண்பதாயிரம் வரி. என்னை ஒரு பார்வை பாத்துட்டுச் சரின்னு கையெழுத்துப் போடச் சொன்னாங்க. ஒன்பது நாள்ல. முதல் இருநூறு வரியைத் திருத்தினேன். அதையும் அவங்க ஏத்தல. அப்புறம் எனக்கு விட்டுப்போச்சு. கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ நாள் எண்ணிக்கிட்டு இருந்தே.”

வாலுவுக்குக் கோபமும் பரிதாபமும் ஒன்றாக வந்தன. “நான் அவனைச் சந்தேகப்பட்டேன்ணா” என்றாள். “நீங்கள்னு சொல்றானே, இவன் வேற ஆளுன்னு. தமிழ்ல மட்டும்தான் இப்படி ஒரு துப்பு வைக்க முடியும், நீ, நீங்கன்னு ரெண்டு இருக்குல்ல. எங்க அண்ணன் எப்படிக் கண்டுபிடிச்சிருக்கான் பாருன்னு நாலு நாள் குதிச்சேன். அவனைக் கிடங்குல போட்டுப் பூட்டினேன்!”

அண்ணன் சிரிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தான். “அதையே சொல்லிடேன்.”

“எதை?”

“குழுவுல. அது துப்புன்னு. வேணும்னே வெச்சதுன்னு.”

“அவன் நிஜ அண்ணனாத்தானே சாகறான்?”

“செத்தது யாருன்னு யாருக்குத் தெரியும்? அடுத்த பாகம் வரட்டும்னு சொல்லு.” அவன் குரல் உடைந்தது. “வாலு, இத்தனை வருஷத்துல நான்னு சொல்லிக்கப் பூட்டுக்காரனுக்கு வசனம் எழுதினவன்கிற பேர் ஒண்ணுதான் இருக்கு. அந்தக் கடிதம் போச்சுன்னா அதுவும் போச்சு.”

மணி பதினொன்றரை. வாலு போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். இருபது வருடமாகப் பிறர் சொல்லும் பொய்யை மோந்து பிடித்தவளுக்குத் தன் பொய்யைத் தட்டத் தெரியவில்லை. இரண்டு தடவை எழுதி அழித்தாள். மூன்றாவது தடவை, “அண்ணன்கிட்ட கேட்டேன். ஒண்ணு மட்டும் யோசிங்க. எந்த அண்ணன் தங்கச்சியை நீங்கள்னு கூப்பிடுவான்?” என்று எழுதி அனுப்பிவிட்டாள். அதில் ஒரு பொய்கூட இல்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். அந்தத் தேறுதலும் நிற்கவில்லை.

உடனே குழுவில் மடை திறந்தது.

“அடப்பாவி! அவன் வேற ஆளா!”

“அதனாலதான் ரெண்டாவது காட்சியில இடது கையால கதவைத் தட்டறான்!”

“அப்போ வங்கியும் துப்பா? நான் மறுபடி முதல்லேர்ந்து ஆடப்போறேன்.”

பல் டாக்டர் கடிதத்தை எடுத்துவிட்டார். “மன்னிச்சிடுங்க மேடம். உங்க அண்ணன் மூளைக்கு ஒரு கும்பிடு” என்று எழுதினார். அண்ணன் தங்கையின் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றாகப் படித்தான். படிக்கப் படிக்க அவன் முதுகு நேரானது. சிலவற்றைச் சத்தமாகப் படித்தான். ஒன்றை இரண்டு தடவை படித்தான்.

வாலுவுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். பழிக்குத் தப்பினான், போதாதா? ஆனால் முன்னூறு பேரும் தன்னைப் போலவே மறுபடி அந்தக் கிடங்குச் சாவியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை.

காலி வாளியோடு அண்ணி இறங்கி வந்தாள். “என்ன அண்ணனும் தங்கச்சியும் போனுக்குள்ளயே போயிட்டீங்க?”

“இங்க வா, இதைப் படி” என்று அண்ணன் போனை வாங்கி அவளிடம் நீட்டினான்.

அண்ணி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படித்தாள். கண் விரிந்தது. “என்னங்க, எங்கிட்டகூட மூச்சு விடலையே!”

“ரகசியம்னா ரகசியம்தான்” என்றான் அண்ணன். “தமிழ்ல மட்டும்தான் இப்படி ஒரு துப்பு வைக்க முடியும். நீ, நீங்கன்னு ரெண்டு இருக்குல்ல. எண்பதாயிரம் வரியிலயும் அதை விடாம கொண்டுபோகணும், பாத்துக்கோ. இதுக்கே எனக்கு மூணு மாசம் ஆச்சு.”

“மூணு மாசமா!” என்றாள் அண்ணி.

“பின்னே? விளையாட்டா?”

அவன் இந்தப் பக்கம் திரும்பினான். வாலு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணிக்குத் தெரியாமல் தன்னைப் பார்த்து ஒரு தடவை கண்ணடிப்பான் என்று காத்திருந்தாள்.

அவன் கண்ணடிக்கவில்லை.