பின்வாசல் தண்ணீர்

"உங்களுக்கு யார் வீட்டில் தண்ணீர் கொடுக்கிறார்கள், எதில் கொடுக்கிறார்கள்?" இந்தக் கேள்வி தம்மபாலனுக்கே சொந்தம். இருளர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் பெங்களூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் நாகேஷ், தமிழில் பேசத் துணைக்கு வைத்துக்கொண்ட அவனிடம் கல்யாணம், கருமாதி, குலதெய்வம் என்று ஒன்றுவிடாமல் கேட்கச் சொன்னார். தண்ணீரை மட்டும் மறந்துவிட்டார். மறக்கத்தானே செய்வார்? தண்ணீருக்காக ஒரு வாசலிலும் நின்ற மனிதர் இல்லையே. தம்மபாலன் எடுத்துச் சொன்னதும் அவன் முதுகில் தட்டி, "இது எனக்குத் தோணவே இல்ல பாரு" என்று கன்னடத்தில் பாராட்டினார். அன்றைக்கெல்லாம் அவன் கால் தரையில் பாவவில்லை.

அவன் கவலை அவனுக்கு. பி.ஏ. முடித்துவிட்டு ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவை அளந்துகொண்டிருந்தவன். நாகேஷ் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டால் பெங்களூர். இல்லையென்றால் அப்பா பெருமாளோடு கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறித் தங்கச் சுரங்கத்தின் ஷாஃப்டுக்குள் இறங்க வேண்டியதுதான். அப்பாவின் இருமலைக் கேட்டு வளர்ந்தவன் அந்த இரண்டாவது வழியை நினைத்துப் பார்க்கவே மறுத்தான்.

தண்ணீர்க் கேள்வி அவனுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று நாகேஷ் கேட்டபோது அப்பாவின் கதையைச் சொன்னான். வடாற்காட்டில் சொந்த ஊர் டீக்கடையில், இவர்கள் ஜனத்துக்கென்று கூரையில் கொட்டாங்குச்சி சொருகி வைத்திருப்பார்கள். ஒருநாள் பெருமாள் அதைக் காலால் மிதித்து உடைத்துவிட்டு, அடி வாங்கி, ரயிலேறித் தங்கவயலுக்கு வந்தவர். அம்பேத்கர் மதம் மாறிய ஐம்பத்தாறுக்குப் பிறகு குடும்பத்தோடு பௌத்தத்துக்கு மாறினார். சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீட்டுச் சுவரில் புத்தர் படமும் அம்பேத்கர் படமும் மாட்டினார். அந்தக் கொட்டாங்குச்சி பௌர்ணமிக்குப் பௌர்ணமி விகாரையில் அவர் பேச்சில் ஒருமுறை உடையும். கேட்டுக் கேட்டுப் பிள்ளைகளுக்கு மனப்பாடம்.

காமசமுத்திரம் பக்கம் காட்டோரத்தில் இருளர் குடிசைகள் ஏழெட்டு இருந்தன. முதல் குடிசை வாசலில் ஒரு பெண்பிள்ளை, அம்மா வயதிருக்கும், தலையை வாரி முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். பெயர் பாப்பம்மா என்றாள். தம்மபாலனைக் கண்டதும் சிரித்தாள். விருந்தாளிக்குச் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். தேனெடுப்பு, கிழங்கு, கன்னியம்மா சாமி எல்லாவற்றையும் தாராளமாகச் சொன்னாள். அவன் அதைக் கன்னடத்தில் நாகேஷுக்கு எடுத்துச் சொன்னான். கடைசியில் தன் கேள்வியைக் கேட்டான்.

பாப்பம்மா கொண்டையிலிருந்து கையை எடுத்தாள். அவன் முகத்தையே பார்த்தாள்.

"அத்த இன்னாத்துக்குக் கேக்கற தம்பி?"

"எழுதறதுக்குத்தான். பயப்படாத. யார் வீட்ல, எதுல குடுக்கறாங்க, சொல்லு."

"குடுக்கறாங்க. குடிக்கறோம். விடேன்."

நாகேஷ் பார்த்துக்கொண்டிருக்கிறார். சொந்தக் கேள்வி, சப்பென்று போகக் கூடாது. தம்மபாலனுக்குக் குரல் உயர்ந்தது. "இப்படி மூடி மூடி வெச்சித்தான் நீங்கல்லாம் இன்னும் காட்லயே கெடக்கறீங்க. எங்கப்பன் மாதிரி எதுத்துக் கேக்கணும். தெறந்து சொல்லும்மா!"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு ஞாபகம் இல்ல தம்பி."

"சொல்ல மாட்டேங்கிறா சார். விழிப்புணர்ச்சி இல்ல" என்று கன்னடத்தில் சொன்னான் தம்மபாலன். நாகேஷும் தலையை ஆட்டிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாகேஷ் அவன் வீட்டுக்கே வந்தார். பெருமாள் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். லைன் வீடுதானே, முன்வாசலில் உட்கார்ந்தால் பின்வாசல்வரை தெரியும். அம்மா பழனியம்மா பேராசிரியருக்கு முன்னால் தட்டு நிறையச் சீதாப்பழம் வைத்தாள். "சாப்புடுங்க சார். காட்டுப்பழம், இப்பத்தான் வாங்கனது" என்று சொல்லிவிட்டுக் காபி போட அடுப்படிக்குள் போனாள். அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"டேய் பாலா, பழக்காரி பின்னால குந்திகினு கீறா பாரு. தண்ணி ஊத்துடா அவளுக்கு."

தம்மபாலன் எழுந்து போனான். சாக்கடை ஓரமாகக் கூடையை இறக்கி வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி. நிமிர்ந்தாள். பாப்பம்மா.

அவனுக்குக் கை கால் ஓடவில்லை. சீதாப்பழக் காலத்தில் வாராவாரம் வருகிறவள். அவன் டவுசர் போட்ட நாளிலிருந்து வருகிறவள். கூடையைத் தெரியும், பழத்தைத் தெரியும், முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. அவள் எதில் தண்ணீர் குடிப்பாள் என்பதும் தெரியும். இதோ வேலியில் ஆணியடித்து மாட்டியிருக்கிறது கொட்டாங்குச்சி. அவனே எத்தனை முறை அதை எடுத்து நீட்டி, மேலே பட்டுவிடாமல் சொம்பைத் தூக்கித் தண்ணீர் ஊற்றியிருக்கிறான்! அப்படி ஊற்றியவன்தான் காட்டுக்குப் போய், யார் வீட்டில், எதில் என்று அதட்டினான். பேராசிரியர் முன்னால் அவன் மானத்தைக் காப்பாற்றத்தான் அவள் ஞாபகம் இல்லை என்றாள். அவளுக்குப் போய் விழிப்புணர்ச்சி இல்லையாம். அவனுக்குக் காதுமடல் எரிந்தது. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். பூமி பிளக்காதா என்பார்களே, பிளந்துதான் கிடக்கிறது தங்கவயல், அவனுக்கென்று ஒரு குழி கிடைக்கவில்லை.

திரும்பிப் பார்த்தான். நாகேஷ் பழத்தைப் பிட்டபடி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்மபாலன் உள்ளே ஓடி, அப்பா மட்டும் குடிக்கும் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் மொண்டு வந்து நீட்டினான். ஓடி வந்த வேகத்தில் முக்கால்வாசித் தண்ணீர் கீழே சிந்தியது. பாப்பம்மா டம்ளரைப் பார்த்தாள். அவன் தோளுக்குப் பின்னால் நாகேஷைப் பார்த்தாள். பழத்துக்கு விலை சொல்கிற மாதிரி நிதானமாகக் கேட்டாள்.

"அந்த சாமி பாக்கறாருன்னு இதுல குடுக்கறியா தம்பி?"

"யாரு அது, நம்ம பாப்பம்மாவா? என்ன சொல்றா?" என்று உள்ளேயிருந்து கன்னடத்தில் கேட்டார் நாகேஷ். அவருக்குத் தமிழ் அரைகுறை. சொன்னதைச் சொன்னபடி எடுத்துச் சொல்வதுதான் தம்மபாலனுடைய வேலை.

"தாகம் இல்லையாம் சார்" என்றான்.

சொன்ன பிறகுதான் அவள் உதடு காய்ந்து வெடித்திருந்ததைப் பார்த்தான். பாப்பம்மா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, பங்காருபேட்டைச் சந்தைக் கன்னடத்தில் தெளிவாகச் சொன்னாள்: "ஹௌது சாமி, நீரு பேடா." ஆமாம் சாமி, தண்ணீர் வேண்டாம். கன்னடம் தெரியுமா என்று அவளை அவன் கேட்டதே இல்லை. அப்படியானால் அன்றைக்குக் குடிசை வாசலில் அவன் சொன்னதும் அவளுக்குப் புரிந்திருக்கிறது. கூடையைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, வேலியில் தொங்கியதைத் தொடாமல், அடுத்த லைனைப் பார்த்து வெயிலில் நடந்தாள். தம்மபாலன் டம்ளரைப் படியிலேயே வைத்துவிட்டு உள்ளே போனான்.

நாகேஷ் காபி குடித்துவிட்டுக் கிளம்பினார். பஸ் ஏறும்போது, "அடுத்த மாசம் பெங்களூருக்கு வந்துடு. உன் தண்ணீர்க் கேள்வியை எல்லா ஊர்லயும் கேப்போம்" என்றார். தம்மபாலன் கும்பிட்டான். எந்த நாளுக்காகக் காத்துக்கிடந்தானோ அந்த நாள் வந்துவிட்டது. சந்தோஷம் மட்டும் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது டம்ளர் பின்வாசல் படியில் வைத்த இடத்திலேயே இருந்தது. அடியில் கொஞ்சம் தண்ணீர்.

"இன்னாடா இது, அப்பா டம்ளரு இங்க கீது? அவளுக்கு இதுலயா குடுத்த?" என்றாள் பழனியம்மா.

இல்லை என்று சொன்னால் அவள் குடிக்காமல் போன கதையைச் சொல்ல வேண்டும். ஏன் குடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

"ஆமாம்மா" என்றான்.

"குடிச்சாளா?"

"குடிச்சா."

"நல்லா வந்து பொறந்த! அப்பா ஷிஃப்டு முடிஞ்சி வர்றதுக்குள்ள சாம்பல் போட்டுத் தேச்சி வை."

தம்மபாலன் சாக்கடை ஓரமாகக் குந்தி, யார் வாயும் படாத அந்த டம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்த்தான்.