தருண் நிறுத்திவைத்த மேட்ச்

நகரியில் விசைத்தறி ஓட்டும் வெங்கடசாமிக்கு ஒன்று மட்டும் விளங்கவேயில்லை. மகன் தருண் இருந்தவரை ராத்திரி பகல் பாராமல் ஓடிய வீடியோ கேம் பெட்டி, அவன் டெங்குவில் போன பிறகு ஏன் கொஞ்ச நேரம்கூடத் தாங்காமல் கொதித்து அணைகிறது? அவன் பாதியில் நிறுத்திவைத்த கிரிக்கெட் மேட்ச் அதற்குள்தான் இருந்தது. ஆட்டக்காரர்களுக்கெல்லாம் வீட்டு ஆட்களின் பெயரை வைத்திருந்தான். தினமும் அதைப் போட்டு அந்தப் பெயர்களைப் பார்த்துவிட்டு நிறுத்துவார். பெட்டி செத்தால் அந்த மேட்சும் போய்விடும்.

“நாம தொடறது அவனுக்குப் புடிக்கல போல,” என்றாள் மனைவி பத்மாவதி.

அப்படியும் இருக்குமோ என்று ஒரு வாரம் தொடாமல் இருந்து பார்த்தார். பிறகு போட்டபோதும் அதே கொதிப்புதான். கடைசியில் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திருப்பதிக்கு பஸ் ஏறினார்.

ரிப்பேர் கடையில் யதுகிரி என்ற பெண் இருந்தாள். மூடியைக் கழற்றியதும் முகத்தைச் சுளித்தாள். உள்ளே சின்ன விசிறியில் தார் போலக் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது.

“இத எங்க வச்சிருந்தீங்க அங்கிள்?”

“சாமி அலமாரியில. அவன் போட்டோவுக்குக் கீழ.”

“சாம்பிராணி போடுவீங்களா?”

“செவ்வா, வெள்ளி. விளக்கு தெனமும்.”

“காத்த உள்ள இழுத்துத்தான் இது சூட்ட வெளிய தள்ளும். நீங்க அதுக்குப் புகையப் போட்டு மூச்சடைக்க வச்சிருக்கீங்க.”

மகனுக்குப் போட்ட புகை மகனுடைய பெட்டியையே அடைக்குமா? வெங்கடசாமி யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் உள்ளிருந்த சர்க்யூட் பலகையைத் திருப்பினாள்.

“புகை சரி, இந்தத் தண்ணிக் கறை எப்படி வந்துது? ஓரமெல்லாம் துரு.”

அவர் வாசல் பக்கம் பார்த்தார். “சூடாச்சும்மா. அதான் வீட்டுல அவ ஈரத்துணி போட்டா.”

“மிஷின் மேலயா?”

“ஆஸ்பத்திரியில அவனுக்கும் அப்படித்தான் போட்டுக்கினு இருந்தா.”

யதுகிரி விசிறியைக் கழற்றித் துடைத்தாள். பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் தொட்டுத் துருவைத் தேய்த்தாள். சிப்பின் மேல் காய்ந்து பொருக்காகிக் கிடந்த, சூட்டைக் கடத்தும் பசையைச் சுரண்டிவிட்டுப் புதுசு வைத்தாள். மூடியைப் போட்டு டிவியில் மாட்டியதும் படம் வந்தது.

“கொஞ்ச நேரம் ஆடிப் பார்த்தாத்தான் சூடு அடங்கிச்சான்னு தெரியும். புதுசா ஒரு மேட்ச் போடட்டுமா? பழசு அப்படியே இருக்கும்.”

சரியென்று தலையாட்டப் போனவருக்கு என்னவோ மனசு வரவில்லை. அப்படியே இருப்பது நல்லதா, கெட்டதா? திரையில், தருண் நிறுத்திவைத்த மேட்சில், மட்டையோடு நின்றது பத்மா. எவ்வளவு நாளாக அந்த வெயிலில் நிற்கிறாளோ.

“அதையே போடும்மா,” என்றார். உடனே, “இரு, இரு,” என்று போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார். “பத்மா, நான் மேட்ச் ஆடப்போறேன். நீதான் பேட்டிங்ல நின்னுக்கினு இருக்க. அவுட்டானா திட்டாத.”

“இன்னாயா உளர்ற? நான் எதுக்கு அவுட்டாவணும்?” என்றாள் பத்மாவதி. பிறகு குரல் இறங்கியது. “எத்தினி அடிச்சிருக்கேன்?”

“நாப்பத்தேழு.”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தறிச் சத்தம் நின்றது.

“எந்தப் பட்டன்னு கடையில கேட்டுக்க,” என்றாள். “போன வைக்காத.”

பந்து வீசுகிறவன் ஓடிவரத் தொடங்கினான்.