இடிக்குக் கழற்றும் வயர்

திரையின் வலது மூலையில் நேற்றுவரை இருந்த இரண்டு குட்டிக் கணினிப் படங்களைக் காணவில்லை. இணையம் இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்ததிலிருந்து தனுஜா அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணினியை மூன்று முறை அணைத்து எழுப்பினாள். நீல வயரைக் கழற்றி, நுனியைச் சட்டை ஓரத்தில் துடைத்துத் திரும்பச் செருகினாள். மேசை லாச்சியிலிருந்து பழைய வயர் ஒன்றைத் தேடியெடுத்து அதையும் போட்டுப் பார்த்தாள். சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த இணையப் பெட்டியில் டெலிபோன் லைனுக்குரிய விளக்கு பச்சையாக எரிந்தது. கணினிக்குரிய விளக்கு மட்டும் எரியவில்லை. வயர் செருகித்தான் இருக்கிறது. அது இருப்பது கணினிக்குத் தெரியவில்லை.

பெரகல சந்தியில் அவள் வேலை செய்யும் ஜௌபரின் கொமியுனிகேஷன் கடையில் ஒரு போட்டோகொப்பி மெஷினும், ஒரு டெலிபோன் கூண்டும், இந்த ஒரே ஒரு கணினியும்தான். இதற்குக் கமரா வாங்கி ஆறு மாதம் ஆகிறது. மற்ற நாளாக இருந்தால் “நெட் இல்ல, நாளைக்கு வாங்க” என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போட்டோகொப்பி அடித்துக்கொண்டிருப்பாள். இன்றைக்கு அப்படிச் சொல்ல முடியாது. ஹல்துமுல்லைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஜெயகுமார் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறான்.

அவன் மனைவி தனலெட்சுமி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். போகும்போது பிள்ளைக்கு ஒன்றேமுக்கால் வயது, இப்போது நாலு. அம்மா என்றால் அந்தப் பிள்ளைக்கு டெலிபோனில் வரும் ஒரு குரல், அவ்வளவுதான். அந்த வீட்டின் மூத்த மகள் இரக்கப்பட்டு, வெள்ளிக்கிழமை தகப்பன் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருக்கும் நேரத்தில் தன் கணினியில் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளச் சொல்லியிருந்தாள். நம் நேரத்துக்கு இரண்டேகாலிலிருந்து இரண்டே முக்கால் வரை. அடுத்த கிழமை அந்தப் பெண் படிப்புக்காக வெளிநாடு போகிறாள். கணினியும் அவளோடு போய்விடும். ஆகவே இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

எல்லாம் நேற்றுப் பின்னேரம் வந்த வினை. ஐப்பசி மாதம் மூன்று மணியானால் மலைக்கு இந்தப் பக்கம் இடி உருட்டத் தொடங்கிவிடும். நேற்று அது வந்தபோது கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. நூற்றுக்கு நாற்பது முடிந்திருந்தது. முடியும்வரை அணைக்க வேண்டாம் என்று திரையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை அவள் வாசிக்கவும் செய்தாள். ஆனால் ஜௌபர் கடையின் சட்டம் வேறு. முதல் இடிக்கு டெலிபோன் லைன், இரண்டாவது இடிக்கு எல்லா பிளக்கும். போன வருஷம் மின்னல் லைன் வழியாக இறங்கிப் பெட்டியையும் பழைய கணினியையும் ஒன்றாகக் கருக்கிவிட்டுப் போனபின் வந்த சட்டம் அது. முன்னால் போனால் கடிக்கும், பின்னால் வந்தால் உதைக்கும் என்கிற நிலைமை. இரண்டாவது இடி கூரைத் தகரத்தை அதிரவைத்தபோது, அவள் யோசிக்காமல் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஜௌபர் ஜும்ஆ முடிந்து கடைக்கு வந்து, “என்ன மகள், நெட் வேல செய்யுதா?” என்று கேட்டபோதும், “அப்டேட்டுல என்னமோ கெட்டுப்போச்சு நானா” என்றாள். முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். அதில் பாதி உண்மைதானே என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். பிறகு பதுளைக்கு, தனக்குக் கம்பியூட்டர் படிப்பித்த சிவரூபி மிஸ்ஸுக்கு, டெலிபோன் எடுத்தாள். சிவரூபிக்கு ஊர் யாழ்ப்பாணம். பதுளையில் பத்து வருஷம் இருந்தும் பேச்சு இம்மியும் மாறவில்லை.

“வயரை மாத்திப் பாத்தீரோ?”

“பாத்தேன் மிஸ்.”

“அப்ப வயரிலை பிழை இல்லை. நேற்று அப்டேட் ஓடினதெண்டு சொன்னீர். அது முழுசா முடிஞ்சதோ, இடையிலை நிண்டதோ?”

ஜௌபர் இரண்டடி தள்ளி நின்று போட்டோகொப்பிக்குத் தாள் அடுக்கிக்கொண்டிருந்தார். தனுஜா அவர் முதுகைப் பார்த்தாள்.

“முடிஞ்சிருச்சு மிஸ்.”

“முடிஞ்சதெண்டால் புது டிரைவரிலைதான் பிழை. அதை எடுத்துப்போட்டுத் திரும்பப் போட்டுப் பாரும்.”

டிரைவர் என்பது வயர் செருகும் பாகத்தைக் கணினிக்கு அறிமுகப்படுத்தி வைக்கும் சின்ன நிரல். தனுஜா அதை எடுத்தாள், திரும்பப் போடப் பார்த்தாள். கணினி ஏதோ ஒரு சிடியைக் கேட்டது. அப்படி ஒரு சிடி அந்தக் கடையில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அவள் லாச்சிகளைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருக்கையில் ஜெயகுமார் வாசலில் வந்து நின்றான். தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் பிடித்துக் காய்த்த கையில் பிள்ளையின் விரல்கள். பிள்ளைக்குப் புதுக் கவுன், முகம் முழுக்கப் பவுடர், இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டிய குடுமி. மணி ஒன்று ஐம்பது.

“அரை நாள் லீவு சொல்லிட்டு வந்தேன் தங்கச்சி. வெரசா வந்துட்டமோ?”

“இல்லண்ணே. உக்காருங்க. கொஞ்சம் பொறுங்க.”

பிள்ளையைக் கமராவுக்கு முன்னால் உட்காரவைத்தான். வருகிற வழியெல்லாம் பாலர் பாடசாலைப் பாட்டு ஒன்றைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்திருப்பான் போல. பிள்ளை அதை உதட்டுக்குள்ளேயே ஒருமுறை பாடிப் பார்த்துவிட்டு, கமராவின் கறுப்புக் கண்ணாடியைக் கூர்ந்து பார்த்தது.

“அம்மா எங்கப்பா?”

“வருவாங்க. வழி சரியாகல்ல இன்னும்.”

“ரோட்டுல மண்ணு விழுந்திருச்சா?”

மழைக்கு மண் சரிந்து பஸ் நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை வேறு எதைக் கேட்கும். ஜெயகுமார் சிரித்தான். தனுஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். அவள் புளுகுக்கு ஒரு மணித்தியாலம்கூட ஆயுசு இல்லை. மணி இரண்டு பத்துக்கு அவள் மறுபடியும் பதுளைக்கு எடுத்தாள். இந்த முறை குரலைத் தணிக்கவில்லை.

“மிஸ், நான் பொய் சொல்லிட்டேன். அது முடியல்ல. நாப்பதுலயே நின்னுச்சு. இடிக்குப் பயந்து நான்தான் பிளக்க பிடுங்கினேன்.”

ஜௌபர் தாள் அடுக்கும் ஓசை நின்றது.

“முதலே சொல்லியிருந்தால் இவ்வளவு நேரம் போயிராது, பிள்ளை. அது பழைய டிரைவரைக் கழட்டினாப் பிறகு, புதுசைப் போட முந்தி கரண்ட் போயிட்டுது. சரி. அப்டேட்டுக்கு முந்தின நிலையை அது குறிச்சு வச்சிருக்கும். அதைத் திறந்தால் கலண்டர் மாதிரி ஒண்டு வரும். நேற்றையான் திகதியிலை, அப்டேட்டுக்கு முந்தினதை எடும். தானா அணைஞ்சு எழும்பும். அதுவரைக்கும் தொடாதையும்.”

தனுஜா திகதியை அழுத்தினாள். பச்சைக் கோடு ஒன்று நத்தை மாதிரி நகரத் தொடங்கியது. ஒரு நாள் பின்னால் போய், கெட்டதை மறந்துவிட்டு எழும்பு என்று கணினியிடம் சொல்லலாம். மனிதருக்கு அப்படி ஒரு வசதி இல்லை. தனலெட்சுமி இரண்டேகால் வருஷம் பின்னால் போய்ப் பிள்ளையின் முதல் பேச்சைக் கேட்டுவிட்டு வர முடியாது. தனுஜா தலையைத் தூக்காமல் சொன்னாள்.

“மன்னிச்சுக்கங்க நானா.”

“இடிச்சா கழட்டுன்னு சொன்னவன் நான்” என்றார் ஜௌபர். “கழட்டினதுல பிழையில்ல. மறைச்சு வச்சதுதான் பிழ. அந்தப் புள்ளைக்கு ஒரு பிஸ்கட் எடுத்துக் குடு.”

இரண்டேகால் வந்து போயிற்று. ஜெயகுமார் கடிகாரத்தைப் பார்ப்பதும் பிள்ளையின் குடுமியைச் சரிசெய்வதுமாக இருந்தான். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு அடியாக இருந்தது. இரண்டு இருபத்தெட்டுக்குக் கணினி அணைந்தது. எழும்பியது. சுவர்ப் பெட்டியில் செத்துக் கிடந்த விளக்கு ஒருமுறை மினுக்கி, பிறகு விடாமல் மினுக்கத் தொடங்கியது. வலது மூலையில் அந்த இரண்டு குட்டிப் படங்கள் வந்து உட்கார்ந்தன. அவள் கையெடுத்துக் கும்பிட்டாள், கணினியையா கடவுளையா என்று அவளுக்கே தெரியாது.

இரண்டு முப்பத்தாறுக்கு அழைப்பு போயிற்று. முதலில் சதுரம் சதுரமாக நிறங்கள், பிறகு ஒரு தலைத்துணி, பிறகு தனலெட்சுமி. கன்னம் ஒட்டியிருந்தது. இவ்வளவு நேரமும் கணினிக்கு முன்னாலேயே காத்திருந்திருக்கிறாள். கண் சிவந்து கிடந்தது.

“பாப்பா... அம்மா வந்திருக்கேன்டா.”

பிள்ளை அந்த முகத்தைப் பார்த்தது. தகப்பனைப் பார்த்தது. பாட்டு மறந்துபோயிற்று. கதிரையிலிருந்து வழுக்கி இறங்கி அவன் காலுக்குப் பின்னால் முகத்தைப் புதைத்துக்கொண்டது. “அம்மாடி, அம்மாவப் பாரு” என்று அவன் எவ்வளவோ கெஞ்சினான். தலை இன்னும் உள்ளேதான் போயிற்று.

“பரவால்லங்க, விடுங்க” என்றாள் தனலெட்சுமி. சிரிக்கத்தான் செய்தாள். பார்க்க முடியாமல் தனுஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போது பெரகல மலைக்கு மேலே வானம் உருண்டது. கூரைத் தகரம் நடுங்கி ஓய்ந்தது. பிள்ளை வீறிட்டுக் காதைப் பொத்திக்கொண்டது.

“தனுஜா, லைன்” என்றார் ஜௌபர், பழக்கத்தில். தனுஜா எழுந்திருக்கவில்லை.

“அது இடியா?” தனலெட்சுமி திரைக்குக் கிட்ட வந்தாள். “இங்க வந்து நான் இடியே கேக்கல்லங்க... பாப்பா, பயப்படாதடா. அர்ச்சுனா சொல்லு. அர்ச்சுனா, அர்ச்சுனா.”

இடி இடித்தால் தோட்டத்து லயத்தில் எல்லாரும் சொல்வது அது. ஆனால் கைப்பிள்ளையாக மடியில் கிடந்தபோது அதன் காதைத் தன் இரண்டு உள்ளங்கையாலும் மூடிக்கொண்டு, இதே இழுப்பில், இதே தாளத்தில் சொன்னது ஒருத்திதான். பிள்ளை தகப்பனின் காலுக்குப் பின்னாலிருந்து ஒரு கண்ணை மட்டும் வெளியே நீட்டியது. திரையில் அவள் இரண்டு கைகளையும் விரித்துக் காதை மூடுகிற மாதிரிக் காற்றில் வைத்திருந்தாள்.

“அச்சுனா” என்றது பிள்ளை, மெதுவாக.

“அர்ச்சுனா.”

“அச்சுனா.”

கதிரையைப் பிடித்து ஏறிக்கொண்டது. ஏறி, அந்தக் கைகளுக்கு நடுவில் தன் முகத்தைக் கொண்டுபோய்த் திரையோடு ஒட்டி வைத்தது. ஜன்னல் வெள்ளையாக மின்னி அடங்கியது. ஜௌபர் எப்போது சுவருக்கு வந்தார் என்று தனுஜா கவனிக்கவில்லை. அவருடைய இரண்டு விரல்கள் டெலிபோன் வயரின் கவ்வியைப் பிடித்திருந்தன. அமர்த்தினால் போதும், கழன்றுவிடும். அவர் அமர்த்தாமல் நின்றார். விரலுக்கு மேலே பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.