விருந்தாளிக்கு ஆகாத தண்ணீர்

குழாயைத் திருகியபோது காற்றுதான் வந்தது. பொன்னாத்தாள் குடத்தை அதன் வாயிலேயே வைத்துவிட்டுச் சற்று நேரம் காத்திருந்தாள். சித்திரை மாதத்தில் நகராட்சித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். வர வேண்டிய நாளில் வராமற்போவதும் புதிதன்று. ஆனால் அன்று பம்பாயிலிருந்து விருந்தாளி வருகிறார்.

விருந்தாளியின் பெயர் சலாவுதீன். பல்லடத்தில் பிறந்து, பம்பாய்க்குப் போய்ப் பனியன் மொத்த வியாபாரம் செய்து பெரியவரானவர். அவர் வாங்கும் துணி முழுவதையும் வெளுத்துத் தரும் வேலை, பொன்னாத்தாளின் கணவர் நாச்சிமுத்துவின் சலவைப் பட்டறைக்குக் கிடைக்குமா, கிடைக்காதா என்பது அன்று பகலில் தெரிந்துவிடும். கிடைத்தால் இரண்டாவது பட்டறை. கிடைக்காவிட்டால், அதை நம்பி அனுப்பர்பாளையத்தில் சொல்லிச் செய்த, துணி வேகவைக்கும் கொப்பரைகள் கொல்லையில் கவிழ்ந்தே கிடக்கும்.

நாச்சிமுத்து முன்பொரு முறை பம்பாய் சென்றபோது சலாவுதீன் வீட்டில் ஐஸ் டீ குடித்திருந்தார். அதையே செய்து கொடுத்து விருந்தாளியை வியக்கவைக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம்.

"டீயை நல்லா ஆற வெச்சு, அதுல பழச்சாத்த ஊத்தி, பொதினா, துளசியெல்லாம் கிள்ளிப் போட்டு, மேல ஐஸைப் போட்டுத் தர்றாங்க புள்ள. செம்பருத்திப் பூவுங்கூடப் போடறாங்க," என்று முதல் நாள் விவரித்தார்.

"துளசி, பொதினா, செம்பருத்தின்னா அது காச்சலுக்குக் குடுக்கற கசாயமுங்க."

"கசாயத்தை ஆரு ஐஸு போட்டுக் குடிப்பா?"

"அதுக்குத்தான் பம்பாய் போவணும்போல இருக்குதுங்க," என்றாள் பொன்னாத்தாள்.

கேலி செய்தாளே தவிர, அன்று மாலையே செய்து பார்த்துவிட்டாள். வேலியோரச் செம்பருத்தி இதழ்களையும் துளசியையும் ஒரு சிட்டிகை டீத்தூளையும் கொதிநீரில் போட்டு மூடிவைத்தாள். வடிகட்டியபோது ஊதா கலந்த சிவப்பாக இறங்கியது. ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தவுடன் ஊதா மறைந்து, சுத்தமான சிவப்பு நின்றது. மாதுளைச் சாறும் சர்க்கரையும் சேர்த்து, முன்னறையில் இருந்த பிரிட்ஜில் வைத்தாள். பிரிட்ஜை முன்னறையில் வைப்பது எழுபதுகளின் திருப்பூரில் வழக்கமாக இருந்தது. வருகிறவர் கண்ணில் படாத பிரிட்ஜை வாங்கி என்ன பயன்? குளிர்ந்தபின் இருவரும் ஆளுக்கொரு கிளாஸ் குடித்தார்கள். நாச்சிமுத்து, "இதேதான்," என்றார்.

இன்று அதே டீக்குத் தண்ணீர் இல்லை. இருந்த ஒரு குடத்தில் பெரும்பகுதி நெய்ச்சோற்றுக்கும் ஆட்டுக்கறிக் குழம்புக்கும் போய்விட்டது. மீதியை விருந்தாளி குடிப்பதற்குச் செம்பில் எடுத்துவைத்தாயிற்று.

பாத்திரம் துலக்க வந்த மயிலாள்தான் வழி சொன்னாள். அவள் வீடு பட்டறைக்குப் பின்னால் உள்ள சந்தில் இருந்தது.

"எங்கூட்டுல ஒரு கொடம் இருக்குதுங்க்கா. ராத்திரியே சேந்தி, தெளிய வெச்சு, துணியில வடிகட்டுனது. கொண்டாரட்டுங்களா?"

"சந்துக் கிணத்துத் தண்ணியா?"

"வேற எந்தத் தண்ணிக்கு நாங்க போறதுங்க? உங்கூட்டுக் கொழாயி எங்க சந்துக்கு வராதுங்க. எங்க சந்துத் தண்ணியாச்சும் உங்கூட்டுக்கு வரட்டுமுங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பொன்னாத்தாள் சிரிக்கவில்லை. அந்தக் கிணற்றைப் பற்றி அவள் கேள்விப்படாமல் இல்லை. பட்டறைக் கழிவு நீரைத் தேக்கும் மண்குழி, கிணற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. தண்ணீர் வழவழவென்று இருக்கிறது என்றும், பருப்பு கூழாய்க் குழைந்துபோகிறது என்றும் சந்துப் பெண்கள் இரண்டு முறை வந்து சொன்னார்கள். மண் வடிகட்டிக் கொடுத்துவிடும் என்று நாச்சிமுத்து அவர்களை அனுப்பிவைத்தார். மயிலாளின் மகளுக்குக் கையெல்லாம் சொறி கண்டபோது, வெயில் காலத்துச் சொறிதான், வேப்பிலை அரைத்துப் போடு என்று சொன்னவள் பொன்னாத்தாளே.

குடம் வந்தது. தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. அவளுக்கு மனம் சற்று இலேசாயிற்று. அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிட்டு, வேலியில் மிச்சமிருந்த செம்பருத்தியை எல்லாம் பறித்து வந்து போட்டு மூடினாள்.

மூடியைத் திறந்தபோது பாத்திரத்தில் சிவப்பு இல்லை. ஊதாவும் இல்லை. பாசி பிடித்த தொட்டியின் கரும்பச்சை நிறத்தில் ஒரு திரவம் அசைவற்றுக் கிடந்தது.

அவளுக்குப் புரிய நேரம் ஆகவில்லை. செம்பருத்திச் சாறு பட்ட சேலையில் சவுக்காரம் தேய்த்தால் கறை இப்படித்தான் நிறம் மாறும். அந்தத் தண்ணீரில் இருப்பது பட்டறையில் துணியை வேகவைக்கும் சோடாக் காரம். வடிகட்டிக் கொடுக்க வேண்டிய மண் எதையும் வடிகட்டவில்லை.

வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டது. "வாங்க பாய், வாங்க," என்ற நாச்சிமுத்துவின் குரலும் கேட்டது.

பொன்னாத்தாள் ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். நிறம் மாறவில்லை. மேலும் இரண்டு பிழிந்தாள். பச்சை, பழுப்பாயிற்று. அவள் கை நிற்கவில்லை. கூடையிலிருந்த பழங்கள் தீரத் தீரப் பழுப்புக்குள்ளிருந்து சிவப்பு மெல்ல எழுந்து வந்தது. கடைசிப் பழத்துக்குப் பிறகு அது நேற்றைய டீயைப்போலவே இருந்தது. புளிப்பைச் சர்க்கரை மறைத்தது. மற்றதை மாதுளைச் சாறும் ஐஸும் மறைத்தன. இனி யாருக்கும் தெரியாது. தனக்குத் தெரியும் என்பதை அவள் கணக்கில் சேர்க்காமலிருக்க முயன்றாள்.

கிளாஸ்களை அவள் மேசையில் வைத்தபோது சலாவுதீன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடடே, எங்க ஊட்டுக்காரி குல்சார் போடறதைவிட நெறம் நல்லா இருக்குதே. அவகிட்டச் சொன்னா ரெண்டு நாளைக்குச் சோறு கெடைக்காது."

நாச்சிமுத்து பெருமையோடு சிரித்தார். "எடுத்துக்கங்க பாய்."

சலாவுதீன் கிளாஸைக் கையில் எடுத்தார், ஆனால் குடிக்கவில்லை. "அண்ணே, அதுக்கு முன்னால ஒண்ணு கேட்டுக்கறேன். வடக்க ஒரு பட்டறைக்காரரோட எனக்கு வம்பாப் போச்சு. அவரு விட்ட தண்ணி பக்கத்து ஊட்டுக் கெணத்துல எறங்கி, ஊரே திரண்டு வந்து பட்டறையப் பூட்டிட்டாங்க. உள்ள என் சரக்கு. உங்க பட்டறைத் தண்ணி எங்க போவுது?"

பொன்னாத்தாள் சமையலறை நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"குழி வெட்டி விட்டிருக்கறனுங்க. மண்ணு வடிகட்டிருது," என்றார் நாச்சிமுத்து. அத்துடன் நிறுத்தியிருக்கலாம். "பக்கத்துச் சந்து சனமெல்லாம் அந்தக் கெணத்துத் தண்ணியத்தான் குடிக்கறாங்க. எளநி மாதிரி இருக்குதும்பாங்க. ஒரு கொறையுங் கெடையாதுங்க."

"அப்பச் செரி," என்று சலாவுதீன் கிளாஸை உதட்டருகே கொண்டு போனார். நாச்சிமுத்துவும் தம்முடையதை எடுத்தார்.

"அந்தத் தண்ணியிலதானுங்க இந்த டீ போட்டிருக்குது."

அதைச் சொன்னது தான்தான் என்பது சொன்ன பிறகே பொன்னாத்தாளுக்குத் தெரிந்தது. குரல் உயரவில்லை, நெய் போதுமா என்று கேட்பவளைப்போலத்தான் சொன்னாள்.

நாச்சிமுத்துவின் கை நின்றது. கிளாஸ் அவருடைய உதட்டிலிருந்து நான்கு விரற்கடைத் தூரத்தில் இருந்தது. அது மேலும் வரவில்லை, கீழும் இறங்கவில்லை. சலாவுதீன் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தம்முடைய கிளாஸைப் பார்த்தார்.

"உள்ள போ புள்ள," என்றார் நாச்சிமுத்து.

"போறனுங்க. நீங்க அதைக் குடிச்சுட்டீங்கன்னா போயர்றனுங்க."

நாச்சிமுத்து கிளாஸை உதட்டுக்குக் கொண்டுபோனார். ஒரு வாய் குடித்தால் போதும். சொன்ன சொல் நிற்கும், ஆர்டர் கிடைக்கும். மனைவி சொன்னது விளையாட்டு என்று சிரித்தும் சமாளிக்கலாம். கண்ணாடி உதட்டைத் தொட்டது. அவர் வாய் திறக்கவில்லை.

சலாவுதீன் தம் கிளாஸை ஓசையில்லாமல் மேசையில் வைத்தார். "அந்தத் தண்ணின்னு தங்கச்சி சொன்ன பொறவும் நான் குடிச்சிருப்பேன் அண்ணே. உங்க பேச்சை அவ்வளவு நம்புனேன். உங்க கை நின்னதைப் பாத்தனே, அதான் முடியலை."

அவர் சாப்பிட்டார், குழம்பைப் பாராட்டவும் செய்தார். ஆர்டரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. புறப்படும்போது, "ஊருக்குள்ள இன்னும் ரெண்டு பட்டறையப் பாத்துட்டுப் போறேன்," என்றார். அதன் பொருள் மூவருக்கும் விளங்கியது.

கார் போனபின் நாச்சிமுத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். பொன்னாத்தாள் அவருடைய கோபத்துக்குக் காத்திருந்தாள். அது வருவதற்குள் கொல்லைப்பக்கத்திலிருந்து மயிலாள் வந்தாள்.

"விருந்தாளிக்குப் புடிச்சுதுங்களாக்கா?"

"அவரு குடிக்கலை மயிலா. குடிக்க நான் உடலை. உங்க கெணத்துல பட்டறைக் காரம் எறங்கியிருக்குது. உன்ற மவளுக்கு வந்தது வெயில் சொறி இல்லை. தெரியாம சொல்லிப்போட்டேன்னு சொல்லமாட்டேன். தெரிஞ்சுக்க எனக்கு மனசில்லை."

மயிலாள் மேசையைப் பார்த்தாள். ஐஸ் கரைந்துவிட்டது, கிளாஸ்கள் விளிம்புவரை நிறைந்தபடியே இருந்தன. "ஒரு கெளாஸுதானுங்க்கா அவரு குடிச்சிருப்பாரு," என்றாள். "நாங்க தெனமும்..."

நாச்சிமுத்து எழுந்து செருப்பை மாட்டினார்.

பொன்னாத்தாள் அவர் பின்னாலேயே பட்டறைக்குப் போனாள். அங்கே மேஸ்திரி ஆறுமுகசாமி, கொப்பரைத் தண்ணீரைக் குழிக்குத் திறந்துவிட ஆட்களை நிறுத்தியிருந்தார்.

"தொறக்க வேண்டாம்ப்பா," என்றார் நாச்சிமுத்து. "குழியை மூடிருங்க. சிமெண்டுத் தொட்டி கட்டற வரைக்கும் பட்டறை நிக்கட்டும். நம்மூட்டுக் கொழாயில இருந்து சந்துக்கு ஒரு கொழாயி இழுத்துரலாம். நாளைக்கே ஆளைக் கூப்புடு."

ஆறுமுகசாமி திகைத்தார். "பட்டறையை நிறுத்துனா பம்பாய் ஆர்டரை எப்பிடிங்க முடிக்கறது?"

"அது போச்சு."

"அப்ப ஆர்டரும் இல்லாம, வேலையும் இல்லாம... இப்ப எதுக்குங்க மொதலாளி இந்தச் செலவு? நாலு வருசமா அந்தக் குழியிலதானுங்க உட்டுட்டு இருக்கறோம்."

நாச்சிமுத்து பதில் சொல்லுமுன் மனைவியை ஒரு முறை பார்த்தார். பிறகு, எல்லா ஆட்களுக்கும் கேட்கும்படியே சொன்னார்:

"அந்தத் தண்ணியை இன்னைக்கு என் கையில குடுத்தாங்க. பெரிய ஆர்டர் போவுதுன்னு தெரிஞ்சும், ஒரு வாய் குடிக்க எனக்குத் துணிச்சல் வரலை. நான் குடிக்கப் பயப்படற தண்ணியை இன்னொருத்தர் கெணத்துல எறக்கிப்போட்டு அதுக்குத் தொழில்னு பேரு வெக்கக்கூடாதுப்பா. மூடு குழியை."